இரண்டு கழனி தள்ளி

தை பிறந்து பத்தாம் நாள், பனி இன்னும் விலகாத காலையில், முனிரத்தினம் மதகடியில் இறங்கிக் கம்பை விட்டுப் பார்த்தான். மற்ற வருடங்களில் இந்த நாளில் மதகுக்குப் போகும் கல்படிகளில் இரண்டோ மூன்றோதான் வெளியே தெரியும். இன்று பதினோரு படி இறங்க வேண்டியிருந்தது. கம்பு அடிக்கல்லில் முட்டியதும் வெளியே எடுத்து, ஈரம் ஏறிய இடத்தில் விரலை வைத்துச் சாண் போட்டான். மூன்றரை. சேற்றில் கம்பு சாய்ந்திருக்குமோ என்று இன்னொரு முறை விட்டுப் பார்த்தான். அதே மூன்றரைதான். எண்பத்திரண்டாம் வருடத்து ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து கொடுத்தது அவ்வளவுதான்.

அல்லிப்பாக்கத்து ஏரிக்கு அவன் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் அடைப்பதும், கால்வாயில் வரும் தண்ணீரைக் கழனி கழனியாகத் திருப்புவதும், ஒருவன் பங்கை இன்னொருவன் வெட்டிக்கொள்ளாமல் பார்ப்பதும் அவன் வேலை. அவன் அப்பனும் அதைத்தான் செய்தான். அறுப்பு முடிந்தால் ஒவ்வொரு களத்திலும் நீர்க்கட்டிக்கென்று கதிர்க்கட்டு ஒதுக்குவார்கள். உத்திரமேரூரிலிருந்து வரும் அதிகாரிகள் யாராவது, காலனியில் பிறந்த, ஒரு குழி நிலமில்லாத ஆளிடம் ஊர் தன் மொத்தத் தண்ணீரையும் ஒப்படைத்திருப்பதைப் பார்த்து வியப்பார்கள். நிலமில்லாததால்தான் ஒப்படைத்தார்கள். கழனி உள்ளவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் முதல் தண்ணீர் எங்கே போகும் என்று ஊருக்குத் தெரியும். முனிரத்தினத்துக்கு ஏரித் தண்ணீர் பாயும் அந்த ஆயக்கட்டில் கழனியும் இல்லை, கழனி வைத்திருக்கும் சொந்தமும் இல்லை. போன ஆடி வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆடியில் ஜெகதாம்பாள் அம்மாளின் குத்தகைக்காரர் செத்துப்போனார். மகன் மெட்ராஸில் வேலையிலிருக்க, தனியாக ஊரில் இருந்த அந்த அம்மாள் முனிரத்தினத்தைக் கூப்பிட்டனுப்பி, "காணி நெலம் சும்மா கெடக்குது. நீயே பயிர் வையேன்" என்றாள். நாற்பத்தாறு வயதில் முதன்முறையாக ஒருவர் அவனிடம் நிலத்தை நீட்டினார். ஆனால் நிலத்தை வாங்கினால் மதகை விட வேண்டும். "எனக்கு ஆவாதும்மா. என் தம்பி பொன்னன் கீறான். செங்கச் சூளையில கெடந்து நெஞ்சு கெட்டுப் போயிக்கினு கீறான். அவனுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். அப்படித்தான் பொன்னன் பெண்டாட்டி முனியம்மாளையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத் பக்கத்துச் சூளையிலிருந்து ஊருக்குத் திரும்பினான். முனிரத்தினத்துக்கும் செல்லாயிக்கும் பிறந்த இரண்டும் தங்கவில்லை. பொன்னனின் நடுப்பெண் அஞ்சலை வந்த மறுநாளிலிருந்து பெரியப்பன் வீட்டில்தான் சாப்பிட்டாள்.

அன்று உச்சிவேளையில் ராஜாராமின் ரைஸ்மில் களத்தில் ஆயக்கட்டுக்காரர்கள் கூடினார்கள். மூட்டைகளின் மேல் அவர்கள் உட்கார்ந்திருக்க, முனிரத்தினம் உமிக்குவியல் ஓரத்தில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற துரைராஜ்தான் பேசினார். அவருக்குக் குரலை உயர்த்தும் வழக்கம் கிடையாது.

"எவ்ளோ கீது, முனிரத்தினம்?"

"மூணரை சாணுங்க."

"மொத்தம் நாப்பது காணி. எல்லாத்துக்கும் விட்டா ரெண்டு தடவ பாயும். அப்புறம் ஏரி காலி. பயிர் இப்பத்தான் சூல் கட்டிக்கினு கீது. நாலு தண்ணி இல்லாம மணி பிடிக்காது. அப்போ எல்லாருக்கும் பதருதான். பாதிய விட்டுட்டு மீதிக்கு நாலு தண்ணி காட்டினா, அந்தப் பாதியாவது வூடு வந்து சேரும்."

மில் அன்று ஓடவில்லை. கடைமடையில் மட்டுமே நிலம் வைத்திருந்த வேதகிரி மூட்டையிலிருந்து எழுந்து நின்றார். அவர் கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு, "ரெண்டு தண்ணி வந்தாலும் எனக்கு வக்கோல்தான். அதனால நான் குறுக்க நிக்கல. ஆனா அறுத்தவன் அறுக்காதவனுக்குக் காணிக்கு ரெண்டு மூட்ட குடுக்கணும். இப்பவே, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றார். கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். நெல் பட்டாதாரருக்குப் போய்ச் சேரும் என்று முடிவானது. குத்தகைக்காரனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முனிரத்தினத்துக்கு வாய்வரை வந்தது. உமிக்குவியல் ஓரத்திலிருந்து பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

"எந்தக் கய்னி வரைக்கும்னு நீ நடந்து பாத்து சொல்லு" என்றார் துரைராஜ். "நாளைக்குக் காலையில எல்லைக்கு முளை அடிச்சிடு. நீ வெச்ச எடம்தான்."

அவன் அன்று பிற்பகல் முழுவதும் நடந்தான். மதகிலிருந்து கால்வாய் இறங்கும் வழியில் எந்த மண் குடிக்கும், எது வழியவிடும், எங்கே நண்டுவளை அதிகம், எந்த வரப்பு கசியும் என்பதெல்லாம் அவன் பாதத்துக்குத் தெரியும். தலைமடையில் களிமண். நடுவில் சவுடு, அது இரண்டு பங்கு குடித்துவிட்டுத்தான் அடுத்த கழனிக்கு விடும். நடந்துகொண்டே மூன்றரைச் சாணையும் கொஞ்சம் கொஞ்சமாக மனதுக்குள் செலவழித்தான். மணவாளன் கழனியின் கீழ்வரப்புக்கு வந்தபோது செலவழிந்துவிட்டது. நின்றான். திரும்பிப்போய் ராஜாராமின் சவுட்டுக் கழனிகளுக்குக் கொஞ்சம் குறைத்துக் கணக்கிட்டுப் பார்த்தான். அப்போதும் மணவாளன் கீழ்வரப்புதான்.

அதற்கு அடுத்தது வேதகிரியின் நீளக் கழனி. அதற்கடுத்தது பொன்னனுடையது.

இரண்டு கழனி. முளையை இரண்டு கழனி தள்ளி அடித்தால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். மூன்று தண்ணீர் சரியாகப் போகும். நாலாவது எல்லாருக்கும் கொஞ்சம் மெலியும். கதிரின் அடிமணிகள் சிலது கறுத்துப்போகும். மேலே உள்ள ஒவ்வொருவனுக்கும் காணிக்கு ஒரு மூட்டை, ஒன்றேகால் மூட்டை குறையும். அது தண்ணீரால் குறைந்ததா பூச்சியால் குறைந்ததா என்று எவனாலும் சொல்ல முடியாது.

பொன்னன் வரப்பில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் அரிவாளை வைத்துவிட்டு வந்து, ஒரு தூரில் தடித்திருந்த தண்டைப் பிடுங்கி நகத்தால் கீறிக் காட்டினான். உள்ளே வெள்ளை நூல் போல, இன்னும் வெளிச்சம் படாத கதிர் மடங்கிக் கிடந்தது.

"பாருண்ணா. வயித்துப் புள்ள மாதிரி கீது."

முனிரத்தினம் அதை வாங்கிப் பார்த்தான். சூளையில் இருந்தபோது எப்போதும் சிவந்து கிடக்கும் தம்பியின் கண்கள் இந்த ஆறு மாதத்தில் வெளுத்திருந்தன. மில் களத்தில் என்ன பேசினார்கள் என்று பொன்னனுக்குத் தெரிந்திருக்கும். அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் மதகில் இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி அவன் மறுபடியும் குனிந்து புல்லை அறுக்கத் தொடங்கினான்.

மறுநாள் காலையில் ஆயக்கட்டுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கால்வாய்க்கரை வழியே அவன் பின்னால் வந்தார்கள். மணவாளன் கழனியின் கீழ்வரப்பில் நின்று பனங்கருக்கு முளையை ஊன்றி, மண்வெட்டியின் பின்புறத்தால் நான்கு அடி அடித்தான். ஐந்தாவது அடிக்குக் கை தூக்கியபோதுதான் பின்னால் யாரும் பேசவில்லை என்று கவனித்தான். திரும்பினான். அவர்கள் முளையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதானா?" என்றான் ராஜாராம்.

"இதாங்க. இதுக்கு மேல பாயாது."

ராஜாராம் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "போச்சா. நான் சொன்னேனே, தம்பிக்கு ரெண்டு கய்னி தாண்டுவான்னு. சித்தப்பன் மவனா இருந்தா ஒண்ணு தாண்டுவான், தூரத்துப் பங்காளியா இருந்தா வாமடையில நின்னு எட்டிப் பாத்துட்டு வந்துடுவான்னு சொல்லிக்கினு இருந்தேன். இவன் இன்னாடான்னா நின்ன எடத்துலயே நின்னுட்டான்."

சிலர் சிரித்தார்கள். மணவாளனின் முகத்தில் மட்டும் ஒரு சங்கடம் தெரிந்தது. கடைசியாகத் தப்பியவன் அவன்.

திரும்பும்போது துரைராஜ் வேண்டுமென்றே பின்தங்கி முனிரத்தினத்தோடு நடந்தார்.

"ஏன்டா இப்படி பண்ணிட்ட?"

"தண்ணி அவ்ளோதாங்க."

"அது எங்களுக்குத் தெரியாதா? நேத்து நீ போனதும் நாங்க பேசினோம். முனிரத்தினம் தன் தம்பி கய்னி வரைக்கும் இழுப்பான், அவனவனுக்கு ஒரு மூட்ட கொறையும், கொறஞ்சிட்டுப் போவட்டும்னு எல்லாரும் ஒத்துக்கினாங்க. ராஜாராம் உட்பட. ரத்தம்னா அப்படித்தான், அத நாங்க கணக்குல சேத்துக்கினுதான் உன்ன முளை அடிக்கச் சொன்னோம்." அவர் குடையை மாற்றிப் பிடித்தார். "இப்போ மாத்தவும் முடியாது. நீயே பாயாதுன்னு சொல்லிட்ட. இனிமே தாண்டினா மூணாவது ஆளும் கேப்பான்."

கால்வாயில் ஒரு கொக்கு அவர்களுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டே போனது.

அந்தச் சேதி அவனுக்கு முன்பே காலனிக்குப் போய்விட்டிருந்தது. வீட்டுக்கு வந்தபோது பொன்னன் வாசலில் நின்றிருந்தான். உள்ளே வரவில்லை.

"ஊரே வுட்டுக் குடுத்துச்சாமே. ராஜாராம் வுட்டுக் குடுத்தானாமே."

"எனக்குத் தெரியாதுடா."

"தெரிஞ்சிருந்தா வுட்டிருப்பியா?"

அந்தக் கேள்விக்கு உடனே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். முனிரத்தினம் யோசித்துவிட்டான். யோசித்தது தம்பியின் கண்ணில் பட்டுவிட்டது.

"நாளைக்கு மதக வேற ஒருத்தன் கையில குடுத்தா நம்ம ரெண்டு பேருக்குமே சோறு இல்ல, பொன்னா. என் பேரு கெட்டா..."

"உன் பேரு." பொன்னன் தலையை ஆட்டினான். "என்ன சூளையிலேர்ந்து கூட்டியாந்தது நீ. இந்தக் கய்னிய வாங்கிக் குடுத்தது நீ. இப்போ வரப்பு கட்டி நிக்க வெச்சதும் நீ. ரெண்டு மூட்ட அந்த அம்மா வூட்டுக்குப் போவும். எனக்கு வக்கோல். நல்லா கீதுண்ணா."

அவன் போன பிறகு செல்லாயி கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தை எடுக்கும்போது சொன்னாள்: "அந்தக் கய்னி மேல உனக்கு ஆசை இருந்திச்சி. அந்த அம்மா கூப்ட்டனுப்பின அன்னிக்கு நீ ராத்திரி பூரா தூங்கல. எனக்குத் தெரியும்."

"அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"ஒண்ணுமில்ல. சொன்னேன்."

அவள் சொன்னது அவனை விடவில்லை. முளை அடித்த கையை மனதுக்குள் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தான். தண்ணீர் அவ்வளவுதான் என்பது உண்மை. பேர் போனால் பிழைப்புப் போகும் என்பதும் உண்மை. பொன்னன் கதிரைக் கீறிக் காட்டியபோது தன் நெஞ்சில் குறுக்கே ஓடிய ஒன்று, இது என் கையில் இருந்திருக்க வேண்டியது என்று ஒரு கணம் நினைத்தது, அதுவும் உண்மை. நான்கு அடியில் எந்த அடி எதற்காக விழுந்தது என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. யாராவது ஒருவர் இவன் நேர்மையானவன் என்று சொன்னால் தேவலை போலவும் இருந்தது, சொன்னால் தாங்காது போலவும் இருந்தது.

முதல் தண்ணீர் விட்டான். எட்டு நாள் கழித்து இரண்டாவது. மணவாளன் கழனி நிறைந்ததும், தண்ணீர் கீழே இறங்கும் வாமடையில் மண்ணை வெட்டிப் போட்டு மிதித்து அடைத்தான். முன்னெல்லாம் மிதித்ததை விட இரண்டு மடங்கு மிதித்தான். முளைக்குக் கீழே வேதகிரி கழனியில் மாட்டை இறக்கிவிட்டார்கள், பச்சையாகவாவது மேயட்டும் என்று. பொன்னன் இறக்கவில்லை. அஞ்சலை பெரியப்பன் வீட்டுப் பக்கம் வருவதில்லை. தெருவில் பார்த்தால் அவள் நின்று சிரிக்கப் பார்ப்பாள், அதற்குள் யாராவது உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள்.

இரண்டாம் தண்ணீர் முடிந்த நாலாம் நாள் காலை, கால்வாயைச் சுற்றிவிட்டு வந்தவன் வீட்டில் செல்லாயியைக் காணவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி, "உனக்குத் தெரியாதா? அவ கடைமடைக்கு இல்ல போயிக்கினு கீறா, நாலு நாளா" என்றாள்.

அவன் வெயிலில் நடந்தான். பொன்னன் கழனியின் கீழ்க்கோடியில் ஒரு பழைய கழிவுவாய்க்கால் உண்டு. மேலே பாய்கிற கழனிகளின் வரப்புகளுக்கு அடியிலிருந்து கசிவது எல்லாம் அங்கே வந்து தேங்கும். கணுக்கால் அளவு, கலங்கலாக, நுரையோடு. எப்போதும் யாருக்கும் வேண்டாத தண்ணீர் அது. பொன்னன் அதில் ஓரிடத்தைத் தோண்டிப் பள்ளமாக்கி, இறைகூடை கட்டியிருந்தான். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஆளுக்கு இரண்டு கயிறு. இருவரும் ஒன்றாகச் சாய்ந்து கூடையைத் தண்ணீரில் மூழ்கவிட்டு, ஒன்றாக நிமிர்ந்து வரப்புக்கு மேல் வீச வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் கூடை திரும்பிக் கொட்டிவிடும். பொன்னனுக்கு எதிரே செல்லாயி இழுத்துக்கொண்டிருந்தாள். முந்தானையை வரிந்து கட்டியிருந்தாள். முனியம்மாள் வரப்பில் உட்கார்ந்து, துணி சுற்றிய உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்திருந்தாள். முதல் வாரம் முழுவதும் புருசனோடு இழுத்தவள் அவள்தான்.

"வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரு."

பொன்னன் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லாயி புருசனைப் பார்த்தாள், கூடையை நிறுத்தவில்லை. அவள் இழுப்பு மூன்றுக்கு ஒருமுறை பிந்தியது, கூடை சாய்ந்து பாதித் தண்ணீர் பள்ளத்துக்கே திரும்பியது. முனிரத்தினம் மண்வெட்டியைக் கீழே போட்டான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றான். ஒன்றும் கேட்காமல் அவள் கையிலிருந்து கயிறுகளை வாங்கினான்.

பொன்னன் எதிரே நின்றான். கயிறு அவன் கையில் தொங்கியது. போட்டுவிட்டுப் போய்விடுவான் என்றுதான் முனிரத்தினம் நினைத்தான். செல்லாயி வரப்பில் ஏறி முனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மேல்வரப்பில் ஆள் வருகிற சத்தம் கேட்டது. ராஜாராம். பின்னால் யாரும் இல்லை. குனிந்து கழிவுவாய்க்காலின் மேல் முனையைப் பார்த்தான். முளை அடித்த வரப்புவரை நடந்துபோய், வாமடையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

"கசியிற தண்ணிங்க" என்றான் முனிரத்தினம். "எப்பவும் வர்றதுதான்."

"எப்பவும் இவ்ளோ வருமா?"

"எப்பவும் இத வுட ஜாஸ்தி வரும். இந்த வருசம் நான் அழுத்தி மிதிச்சிக்கீறேன்."

ராஜாராம் வெடித்துக் கிடந்த கழனியைப் பார்த்தான். வாய்க்காலை ஒட்டிய மூலையில் மட்டும், ஒரு பாய் விரிப்பு மாதிரி, நாலில் ஒரு பங்கு பச்சையாக இருந்தது. அங்கே கதிர் வெளியே வந்து தலை குனியத் தொடங்கியிருந்தது. அவனுக்கு வேறேதோ சொல்ல வேண்டியிருந்தது போலிருந்தது. "நீ ஒரு மாதிரி ஆளுய்யா" என்று மட்டும் சொன்னான். "மூணாந் தண்ணி திங்கக்கெழம தான?"

"திங்கக்கெழம."

"அது வரைக்கும் பகல்ல இங்க இருந்துக்க. மதகுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தான்.

அவன் தலை மறையும் வரை நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் நுரை மெல்ல நகர்ந்து கூடையின் விளிம்பில் சேர்ந்தது. மூலையைத் தவிர மீதி முக்கால் பங்கு எப்படியும் போய்விட்டது, அதை இனி ஏரியே திரும்பி நிறைந்தாலும் மீட்க முடியாது என்று அண்ணன் தம்பி இருவருக்குமே தெரியும். நாலில் ஒரு பங்கு என்பது மூன்று பிள்ளைகளுக்கு எத்தனை நாள் வரும் என்று முனிரத்தினம் யோசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான். தம்பி இன்னும் தன்னை மன்னிக்கவில்லை. அது முகத்தில் தெரிந்தது. கயிறு மட்டும் அவன் கையில் இறுகியிருந்தது.

பொன்னன் சாய்ந்தான். முனிரத்தினம் கூடவே சாய்ந்தான். கூடை மூழ்கியது. நிமிர்ந்தபோது இவன் கொஞ்சம் முந்திவிட்டான், தண்ணீர் பக்கவாட்டில் கொட்டி பொன்னனின் தொடையை நனைத்தது. இரண்டாவது முறை பொன்னன் முந்தினான். மூன்றாவது முறையும் சரியாக வரவில்லை. பொன்னன் கயிற்றை நிறுத்தினான். மூச்சை இழுத்தான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல், கூடையைப் பார்த்து, வெகு தூரத்தில் நிற்கிற யாருக்கோ சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னான்:

"ஒண்ணு."

கூடை நிறைய ஏறி வரப்பைத் தாண்டி விழுந்தது.

"ரெண்டு."

தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கியது. ஒரு வெடிப்பை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகும் என்று முனியம்மாள் எழுந்து நின்று பார்த்தாள். முதல் வெடிப்பே அதைக் குடித்துக்கொண்டிருந்தது, சின்னச் சின்னக் காற்றுக்குமிழியாக மேலே விட்டபடி. பொன்னன் எண்ணிக்கொண்டே இருந்தான். முப்பதைத் தாண்டியபோது ஈரத்தின் கறுப்பு விளிம்பு, எறும்பு ஊர்கிற வேகத்தில், அடுத்த தூரின் வேர்ப்பக்கம் நகர்ந்தது.